ஈரத்துணிக்கு இரண்டு பக்கம்

குழந்தைகளுக்கு ஓடும் பொம்மைப் படம் எடுக்கிற இளைஞர்கள் இருவர் சென்ற மாதம் சேலத்தில் என்னைத் தேடி வந்தார்கள். படத்தில் நல்ல புத்தியை எவ்வளவு வைக்கலாம், எங்கே வைக்கலாம், வைத்தது தெரியாமல் வைப்பது எப்படி என்பது அவர்கள் கவலை. அந்தக் காலத்தில் நான் இதே வேலையைக் கண்ணாடியில் செய்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கருத்துச் சொல்வதில் உங்கள் அனுபவம் என்ன என்று கேட்டார்கள். கருத்து போய்ச் சேர்ந்துவிடும், அதுதான் சிக்கல் என்றேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அவர்களிடம் சரியாகச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

சேலத்தில் ஒரு போட்டோ கடையில் கண்ணாடித் தகட்டுக்குச் சாயம் பூசக் கற்றுக்கொண்டேன். அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. கல்யாண மாப்பிள்ளைகளின் கன்னத்தைச் சிவக்க வைப்பதுதான் பெரும்பாலும் வேலை. எங்கள் மாதா கோயில் சாமியார் எழுதிக் கொடுத்த சிபாரிசில் சுகாதாரப் பிரசார ஆபீசில் படம் எழுதுகிறவனாகச் சேர்ந்தேன். கிராமம் கிராமமாகப் போய் மாஜிக் லாந்தரில் படம் காட்டி, பிள்ளைகளுக்குச் சுத்தமும் ஒழுக்கமும் சொல்லும் ஆபீஸ் அது. முப்பதுகளின் தொடக்கம். பேசும் படம் வந்துவிட்டதாகப் பட்டணத்தில் பேசிக்கொண்டார்கள். எங்கள் படம் பேசாது, அசையாது. கதையை எங்கள் ஆபீசர் பக்கத்தில் நின்று சொல்லுவார்.

ஆபீசர் பெயர் வேதாசலம். ஒல்லியான மனிதர், எப்போதும் அக்குளில் ஒரு குடை. நான் எழுதிய கண்ணாடியை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். "அருளப்பா, பிள்ளைக்கு இதிலே என்ன போகுது?" என்பார். ஒரு படத்தில் ஒரு புத்திதான் போக வேண்டும், இரண்டு போனால் இரண்டும் வழியிலேயே சண்டை போட்டுக்கொள்ளும் என்பது அவர் கொள்கை. திட்டமாட்டார். பிடிக்கவில்லையென்றால், "இன்னொரு தடவை எழுதலாம்" என்பார். மிகவும் பிடித்திருந்தால், "மோசமில்லை" என்பார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கண்ணாடி எப்போதும் பளிச்சென்று இருந்ததற்கு நானும் ஒரு காரணம்.

முதலில் எழுதிய கதை குடியின் தீமை. குடிகாரன் ஒருவன் சாக்கடையில் விழுகிறான், ஒரு பன்றி வந்து அவன் முகத்தை நக்குகிறது. அயோத்தியாப்பட்டணத்தில் காட்டினோம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பன்றியை மறுபடி காட்டச் சொன்னார்கள், காட்டினோம். ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது தெருவில் பிள்ளைகள் குடிகாரன் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். குடிகாரனாக இருக்க அடிதடி. பன்றியாக இருக்கவும் ஆள் இருந்தது. கதையில் வந்த குடிக்காத நல்ல அப்பாவாக இருக்க மட்டும் யாரும் வரவில்லை. வேதாசலம் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, கெட்டவன் இனிமேல் வேடிக்கையாக இருக்கக் கூடாது என்றார். அதன்படி எழுதினேன். அடுத்த ஊரில் பாதிப் பிள்ளைகள் தூங்கிப்போனார்கள். மூன்றாம் தடவை குடிகாரனையே விட்டுவிட்டு, வாசலில் வெறும் தட்டோடு நிற்கிற அவன் மகளை மட்டும் எழுதினேன். யாரும் சிரிக்கவில்லை, யாரும் தூங்கவும் இல்லை. ஒரு பிள்ளை எழுந்து, அந்தப் பாப்பாவுக்கு அப்புறம் யார் சோறு போட்டார்கள் என்று கேட்டது.  வண்டியில் திரும்பும்போது ஆபீசர், "மோசமில்லை" என்றார்.

ஆத்தூர்ப் பக்கம் இன்னொரு பாடம் கற்றோம். சுத்தமான பையனுக்கு நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன், அழுக்குப் பையனுக்கு வெறும் உடம்பு. பார்க்க வந்த பிள்ளைகளில் ஒருவர் மேலும் சட்டை இல்லை. கதை முடிந்து, இந்த நல்ல பையன் யார் என்று ஆபீசர் கேட்டார். கோர்ட்டு அமீனா மகன், அப்பனோடு ஜப்திக்கு வந்திருக்கிறான் என்று ஒரே குரலில் பதில் வந்தது. மறுநாள் சட்டையைக் கழற்றி எழுதினேன். அப்புறம் இரண்டு பையன்களும் ஒரே மாதிரி ஆகிவிட்டார்கள். தலை வாரியவன் நல்லவன், வாராதவன் கெட்டவன் என்று ஒருவழியாக முடிவு செய்தோம்.

இனி வேலை நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. கண்ணாடி உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதில் கைரேகை பட்டால் துணியில் எருமை அளவு தெரியும். லாந்தருக்குள் படத்தைத் தலைகீழாகச் செருகினால்தான் துணியில் நேராக நிற்கும். அடையாளத்துக்கு மூலையில் சிவப்புப் பொட்டு வைப்போம், செருகும்போது கட்டைவிரல் அதன்மேல் இருக்க வேண்டும். திரை என்பது வேட்டிகளை மூட்டித் தைத்த துணி. ஆட்டத்துக்கு முன் அதை நனைத்து இரண்டு மூங்கிலுக்கு நடுவே இழுத்துக் கட்டுவோம். ஈரத்தில் வெளிச்சம் ஊடுருவும். அதனால் துணிக்கு முன்னாலும் படம் தெரியும், பின்னாலும் தெரியும்.

லாந்தர் இருக்கிற முன்பக்கத்தில் ஊர்க்காரர்கள் உட்காருவார்கள். பின்பக்கத்தில் வளவுக்காரர்கள் உட்காருவார்கள். பண்ணைகளில் வேலை செய்தவர்கள் ஊருக்கு வெளியே தனியாகக் குடியிருந்த இடத்துக்கு வளவு என்று பேர். இப்படி உட்காரும்படி யாரும் உத்தரவு போட்டதில்லை. துணியை நாங்கள் நனைத்தது எதற்காக என்று யாரும் கேட்டதும் இல்லை. நனைக்கத் தண்ணீரை ஊர்க்காரர்களே சந்தோஷமாகச் சேந்திக் கொடுப்பார்கள்.

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வளவில் சின்னப் பள்ளிக்கூடம் நடத்தி வந்த வாத்தியார் ஒரு நாள் ஆபீசுக்கு வந்தார். அங்கே பிள்ளைகளுக்கு மதியம் கஞ்சி ஊற்றுவார்கள். கொஞ்ச நாளாகப் பிள்ளைகள் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வதை இடது கையால் எடுக்கிறார்கள், அடித்தாலும் கேட்பதில்லை என்றார். விசாரித்தால், லாந்தரில் வந்த நல்ல பையன் அப்படித்தான் சாப்பிட்டான் என்கிறார்களாம். நான் எழுதிய கதை அது. நல்ல பையன் கை கழுவி வலது கையால் சாப்பிடுவான், கெட்டவன் கழுவாமல் இடது கையால் அள்ளுவான். துணிக்குப் பின்னால் இருந்து பார்த்தால் எல்லாம் மாறித் தெரியும். நல்லவன் இடது கைக்காரன், கெட்டவன் வலது கைக்காரன். இத்தனை காலம் அந்த வேலை செய்துவந்த எங்களில் ஒருவரும் துணிக்குப் பின்னால் போய் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்ததில்லை.

வேதாசலம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டார். ஆபீசர் ஒருவர் வளவு வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்று அவர்மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்றுவரை குறையவில்லை. மேலே சொல்லப்போவதைப் படிக்கிறவர்கள் இதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

அன்றைக்கே புதிய ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை காட்ட வேண்டும். முதலில் எப்போதும் போல. பிறகு கண்ணாடியை இடவலமாகத் திருப்பிச் செருகி, "இப்போது பின்பக்கத்தாருக்கு" என்று சொல்லிக் காட்ட வேண்டும். அப்படித் திருப்பினால் பின்னால் இருப்பவர்களுக்குப் படம் சரியாகத் தெரியும். அந்த நேரம் முன்னால் இருப்பவர்களுக்கு மாறித் தெரியும். அதனால் என்ன, கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தோம். வேலை இரட்டிப்பானது, லாந்தர் எரிக்கும் கார்பைடு அதிகம் தீர்ந்தது. ஆனால் மனத்துக்கு நிறைவாக இருந்தது. பல ஊர்களில் அப்படியே காட்டினோம், எங்கேயும் புகார் இல்லை. புகார் வராததற்குக் காரணம் பரமத்தி வேலூர்ப் பக்கம்தான் தெரிந்தது.

வேலூரை அடுத்த ஒரு காவேரிக்கரைக் கிராமம். வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் கரும்புமாகச் செழித்த ஊர். பெயர் வேண்டாம். ஆற்றோரமாக மேலே இரண்டு ஊர்களில் பெரியம்மை வந்து பிள்ளைகள் இறந்துகொண்டிருந்தார்கள். அடுத்தது இந்த ஊர்தான். அம்மை குத்துகிற கோபால் என்பவருக்கு அந்த ஊருக்கென்று ஒதுக்கியது ஒரே ஒரு காலைப் பொழுது. முந்தின நாள் மாலை நாங்கள் போய்ப் படம் காட்டி ஜனங்களைத் தயார் செய்ய வேண்டும். அண்ணன் தங்கை கதை எழுதியிருந்தேன். தங்கை கையை நீட்டி அம்மை குத்திக்கொள்கிறாள், வெல்லம் கிடைக்கிறது. அண்ணன் வைக்கோல் போரில் ஒளிந்துகொள்கிறான், அம்மையில் படுக்கிறான். எங்கேயும் இடது புஜத்தில்தான் குத்துவார்கள். தங்கைக்கும் இடது புஜத்திலேயே எழுதினேன். ஆபீசர் வெயிலில் பிடித்துப் பார்த்து, "மோசமில்லை" என்றிருந்தார்.

ஊர்ப் பெரியவர் முத்துசாமி என்ற பண்ணையக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்குச் சாப்பாடு போட்டார், மூங்கில் நடக் குழி தோண்டக்கூட ஆள் அனுப்பினார். அவர் பேரப்பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பின்னால் வளவே வந்திருந்தது. இருட்டியதும் தொடங்கி, ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை காட்டினோம். இரண்டு பக்கமும் வாய் திறக்காமல் பார்த்தார்கள். இவ்வளவு நன்றாக ஒரு ஆட்டம் நடந்ததில்லை.

காலையில் மாரியம்மன் கோயில் பக்கத்து ஆலமரத்தடியில் கோபால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஊர்ப்பிள்ளைகள் ஒரு பக்கம், வளவுப் பிள்ளைகள் தள்ளி ஒரு பக்கம். முதலில் ஊர்ப்பிள்ளைகள் சிலருக்குக் குத்தினார். வெயில் ஏறுகிறதே என்று வளவுப் பக்கத்தையும் கூப்பிட்டார். பாவாயி என்ற பெண் தன் மகளோடு முதலில் வந்தாள். மகள் பேர் மாராயி, ஐந்து வயது இருக்கும். பாவாயியின் மூத்த பையன் மேலே ஓர் ஊரில் பாட்டன் வீட்டில் இருந்தபோது அம்மையில் போயிருந்தான், பதினாறாம் நாள்கூட ஆகவில்லை என்றார்கள். மகளின் இடது கையை அவளே பிடித்து நீட்டினாள்.

பண்ணையக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். ஆபீசரிடம் மெதுவாகத்தான் சொன்னார். "ஏனுங்க, கை மாறிப் போச்சுங்களே. எடது நம்முளுது. அவீங்களுக்கு வலது கைங்க. நேத்து படத்துலயே போட்டுக் காட்டுனீங்கல்லங்க."

எங்களுக்கு முதலில் புரியவில்லை. கேட்கக் கேட்கத்தான் விளங்கியது. முதல் படத்தில் இடது கை தெரிந்தது, அது தங்களுக்கு. பிறகு பின்பக்கத்தாருக்கு என்று நாங்களே சொல்லிப் போட்ட படத்தில் வலது கை தெரிந்தது, அது வளவுக்கு. இத்தனை ஊர்களிலும் முன்னால் இருந்தவர்கள் எங்கள் இரண்டாம் படத்தை அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நம் பையன் வலது கையால் சாப்பிடுகிறான், அவர்கள் பையன் இடது கையால் சாப்பிடுகிறான் என்று. அவர்களுக்கு அது புதுச் செய்தியாகவே படவில்லை. அதனால்தான் புகார் வரவில்லை.

பின்னால் இருந்தவர்கள் பார்த்ததும் அதேதான், பக்கம்தான் மாறியிருந்தது. முன்பக்கத்தாருக்குப் போட்ட படத்தில் அவர்களுக்கு வலது கை தெரிந்தது. தங்களுக்கு என்று போட்ட படத்தில் இடது கை தெரிந்தது. ஆகவே இரண்டு பக்கத்தாரும் இடது கை தங்களுடையது என்று எங்களிடமே கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு படத்தில் ஒரு புத்திதான் போயிருந்தது, துளிப் பிசகில்லாமல்.

வேதாசலம் விளக்கினார். துண்டை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார், வெளிச்சம் ஊடுருவுவதைச் சொன்னார். பண்ணையக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதெல்லாம் சரிங்க, ஒரே கையில் ஒரே ஊசி என்றால் எங்கள் வீட்டுப் பெண்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள் என்றார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஊரில் ஒருவரும் குத்திக்கொள்ளாவிட்டால், அவர்கள் காடுதோட்டத்தில் வேலை செய்கிற வளவுக்காரர்களும் வரிசையில் நிற்க முடியாது. கோபாலுக்கு மதியத்துக்கு மேல் வேறு ஊர். எல்லோரும் ஆபீசரைப் பார்த்தார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவ்வளவு நேரம் அதைத் துடைத்து நான் பார்த்ததில்லை.

பிறகு பாவாயியிடம் போனார். குனிந்து, மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, மருந்துக்குக் கை தெரியாது. வலது கையில் போட்டாலும் இதே வேலைதான் செய்யும்."

பாவாயி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப அவீங்களுக்குப் போடுங்க சாமி, வலது கையில."

 பண்ணையக்காரர் ஆற்றின் பக்கம் பார்த்தார்.  எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.  பாவாயி மகளின் தலையைத் தடவி, அவளைத் தோளைப் பிடித்து அரைச் சுற்றுத் திருப்பி, வலது கையை நீட்டினாள். "போடுங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் வளவு முழுவதும் வலது கையை நீட்டியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன ஊர்க்காரர்களும் திரும்பி வந்தார்கள். மதியத்துக்குள் வேலை முடிந்தது.

அம்மை அந்த ஊருக்கும் வந்தது. குத்திக்கொண்ட பிள்ளை ஒன்றுகூடச் சாகவில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறேன். கோபாலுக்கு அந்த ஏற்பாடு பிடித்துவிட்டது. தகராறு இல்லாமல் வேலை முடிகிறதே. அக்கம்பக்கத்து ஊர்களிலும் ஊருக்கு இடது, வளவுக்கு வலது என்றே குத்தி வந்தார். அப்போது எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. வேதாசலம் மட்டும் பிறகு கை தெரிகிற படமே எழுத வேண்டாம் என்றார். என் கதைகளில் நல்லவர்கள், கெட்டவர்கள், எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். அடுத்த வருஷம் அவர் வேறு ஜில்லாவுக்கு மாற்றிக்கொண்டு போனார். அவரே கேட்டு வாங்கிய மாற்றல் என்று கேள்வி.

யுத்தம் முடிந்த சமயம் மறுபடி வேலூர்ப் பக்கம் போனேன். இப்போது லாந்தர் இல்லை, மோட்டார் வண்டியும் ஓடும் படமும். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். சுத்தமாகச் சட்டை போட்ட ஒரு வாலிபன் உள்ளே வந்தான். கடைக்காரர் அவனிடம் பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. "சட்டைக் கையைத் தூக்குப்பா" என்றார். எந்தக் கை என்று அவனும் கேட்கவில்லை. வலது கையைத் தூக்கினான், அம்மைத் தழும்பு தெரிந்தது. வெளியே போய் நின்றுகொள்ளச் சொன்னார். நான் வாங்கிய காப்பியைக் குடிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், ஆலையில் ஆள் எடுக்கும்போதும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. ஆற்றோரம் அத்தனை ஊர்களிலும் ஒரு தலைமுறைக்கே நாங்கள் அடையாளம் போட்டு வைத்திருந்தோம், அழியாத அடையாளம்.

மறுநாள் அதே ஊர், அதே ஆலமரம். கோபாலுக்குப் பதில் புதிய ஆள், சின்ன வயசு. வளவு வரிசையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். சேலைத் தலைப்பை வலது புஜம் மூடும்படி இழுத்துச் செருகியிருந்தாள். நின்ற நிற்பிலேயே பாவாயியின் மகள் என்று தெரிந்துவிட்டது. புதியவர் வழக்கப்படி குழந்தையின் வலது கையைப் பிடித்தார். மாராயி குழந்தையை அவர் பிடியிலிருந்து விடுவித்து மறுபக்கம் திருப்பினாள்.

"எடது கைங்க."

உங்கள் வளவுக்கு வலதுதானே வழக்கம் என்றார் அவர்.

"எனக்குப் போட்டது போதுங்க. எம்புள்ளைக்கு எடது கையிலதான் போடோணும். இல்லீன்னா நாமக்கல்லுக்கு நடந்தே போயிப் போட்டுக்கிட்டு வாரேன்."

ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். புதியவர் அங்கே பழைய உத்தியோகஸ்தன் நான்தான் என்று என் முகத்தைப் பார்த்தார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "எல்லாருக்கும் இடது கைதான். போடுங்க."

போட்டார். குழந்தை வீறிட்டது. மாராயி எனக்கு நன்றி சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. வளவுக்குப் போகும் கொடிக்கால் வரப்பை விட்டு, ஊருக்கு நடுவே போகும் பெரிய தெருவில் நடந்தாள். அழுகிற பிள்ளையின் இடது புஜம் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்திருந்தாள். பாதித் தெருவில் அவள் வலது தோளிலிருந்து தலைப்பு நழுவியது. அவள் அதை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை.